இரண்டு விரல் தண்ணீர்

மாப்ள,

பலாப் பலகை நனைந்தால் ஒரு வாசனை வரும். பழத்தின் வாசனை இல்லை. லேசான புளிப்பும் மண்ணும் கலந்த வாசனை. போன வியாழக்கிழமை மாலை அது என் வீட்டுக்குள் வந்தது. கையில் இருந்த சாமான்களைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். இந்த மாதத்தோடு எனக்கு வேலை முடிகிறது. திருவதிகையில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறோம். பரணில் இருந்ததையெல்லாம் இறக்கி ஜன்னலுக்குக் கீழே அடுக்கியிருந்தேன். திடீரென்று பிடித்த மழையில் சாரல் உள்ளே அடித்து, மேலாக இருந்த பலகையை நனைத்துவிட்டது. கமலா வந்து பார்த்தாள். "இந்தக் கட்டை எதுக்கு? பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடவா?" என்றாள். நான் எரிந்து விழுந்தேன். பாவம், இத்தனை வருஷமாக என் கோபத்தோடு குடித்தனம் செய்கிறவள், ஒரு துண்டை எடுத்து வந்து பலகையைத் துடைத்தாள். துடைக்கும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அண்ணனோட சக்கரத்துப் பலகையா இது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

உன் சக்கரத்துப் பலகைதான். பன்னிரண்டில் ஒன்று. ஆணி இறங்கிய இரண்டு ஓட்டைகளும், தண்ணீர் அறைந்து அறைந்து மழுங்கிய ஓரமும் அப்படியே இருக்கின்றன. மஞ்சளாக இருந்த மரம் இப்போது செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நீ இருக்கும்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நான் சொல்லவில்லை. சொல்லாதது கூடப் பரவாயில்லை, நீ கேட்டபோது பொய் சொன்னேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நேராக அந்த இடத்துக்குப் போக எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன். நீ பொறுமைக்காரன், இருப்பாய்.

பம்ப் பார்க்கிற வேலை என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. என் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் கேட்பார்கள், நிலக்கரி வெட்டுகிற இடத்தில் பம்புக்கு என்ன வேலை என்று. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்து மேலே வரும், அதனால் மூன்று ஷிஃப்டும் இறைத்துக்கொண்டே இருக்கிறோம் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் பந்திக்குப் போயிருப்பார்கள். நீ அதற்கு ஒரே வார்த்தை வைத்திருந்தாய். அந்தத் தண்ணீருக்குக் கீழ்வீட்டுக்காரர் என்று பேர். மாடிக் குவார்ட்டர்ஸில் இருந்த நான் நாற்காலியை இழுத்தால் கூட, கீழ்வீட்டில் இருந்தவர் கம்பை எடுத்துக் கூரையில் இடிப்பார். ஒரு நாள் என் வீட்டில் சாப்பிட வந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பேரை வைத்தாய்.

ஷிஃப்ட் மாறும்போது நீ கேட்கிற முதல் கேள்வி அதுதான். "இன்னா மச்சான், கீழ்வூட்டுக்காரரு எப்படி இருக்கறாரு?"

"தூங்குறாரு" என்பேன். பம்ப் ஏதாவது மக்கர் செய்திருந்தால், "கொஞ்சம் கோவமா இருக்காரு" என்பேன். அதற்குப் பிறகு எது ஓடுகிறது, எது நிற்கிறது, எதில் சத்தம் மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நோட்டில் எழுதியிருந்தாலும் வாயால் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்காமல் வருகிறவன் கையெழுத்துப் போட மாட்டான், போகிறவன் சைக்கிளை எடுக்க மாட்டான். அது யாரும் எழுதி வைத்த விதி இல்லை. நமக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படிச் செய்தார்கள், நாமும் செய்தோம். இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

உன் ஊர் கம்மாபுரத்துக்கு இந்தப் பக்கம். நிலம் சுரங்கத்துக்குப் போய், அதற்காக வந்த வேலை உன்னுடையது. மிஞ்சிய ஒன்றரை ஏக்கர் கொல்லைக்குப் பக்கத்தில், சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் போகிற வாய்க்கால். அந்தக் கரையில் உட்கார்ந்துதான் உன் அப்பாவின் குழாயைப் பற்றி எனக்குச் சொன்னாய். உன் சின்ன வயதில் மோட்டார் கிடையாது, கைப்பிடி கிடையாது. பூமியில் குழாயை இறக்கினால் போதும், தண்ணீர் தானாக மேலே ஏறி வந்து கொட்டும்.

"ராவும் பகலும் கொட்டிகினே இருக்கும் மச்சான். கொல்ல நெறஞ்சி, ரோட்டுல ஓடி, ஓடையில போய் கலந்துடும். அறுப்பு காலத்துல கூட கொட்டும். அதுக்கு ஒரு மூடி போடணும்னு எங்கப்பனுக்கும் தோணல, ஊர்ல ஒருத்தனுக்கும் தோணல."

பிறகு இடுப்பு உயரத்துக்கு வந்த தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு வந்தது. அப்புறம் குழாயின் வாயில் வழிந்தது. ஒரு கோடையில் வழிவதும் நின்றது. உன் அப்பா குழாய்க்குள் கல்லைப் போட்டுக் காது வைத்துக் கேட்டாராம். யார்மேல் குற்றம் என்று நான் கேட்டேன். எனக்கு எப்போதும் யாரையாவது திட்ட வேண்டும். நீ அதற்கு இடம் கொடுக்கவில்லை. "யார சொல்றது? எங்க கையில இருந்தப்ப நாங்களே தரையில ஊத்துனோம்" என்றாய். அன்று திரும்பி வரும்போது, தெருக்குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தி, இறங்கிப் போய் இறுக்கிவிட்டு வந்தாய்.

எனக்கு அது புரியவில்லை. நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவன். தண்ணீர் என்றால் ஓடிக்கொண்டிருக்கும், நாம் போய் முங்கிவிட்டு வரலாம் என்பதுதான் என் நினைப்பு. என் மூளையில் தண்ணீருக்கு அடி என்று ஒன்று கிடையாது. முப்பது வருஷம் அதை அடியிலிருந்து இறைக்கிற வேலை பார்த்தும் அந்த நினைப்பு மாறவில்லை. படிப்பு வேறு, புத்தி வேறு என்பதற்கு என்னைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சக்கரம் வைக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். மின்சாரம் எடுக்கிற ஊரில் தண்ணீரால் மாவு அரைக்கப் போகிறானாம் என்று கேன்டீனில் நான்கு பேரிடம் சொல்லியும் சிரித்தேன். நீ கோபப்படவில்லை. உன் ஊர்ப் பெண்கள் கேழ்வரகை மூட்டையாகக் கட்டி பஸ் பிடித்து மில்லுக்குப் போய், வரிசையில் நின்று, அரைநாளைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள். வாய்க்காலில் இத்தனை தண்ணீர் சும்மா போகிறது. "போறது எப்படியும் போவுது. போற வழியில ஒரு வேல செஞ்சிட்டு போவட்டுமே" என்றாய்.

"தண்ணி குறைஞ்சா கீழே இருக்கிற கொல்லைக்காரன் உதைப்பான்டா" என்றேன்.

"சக்கரம் தண்ணிய குடிக்காது மச்சான். தோள புடிச்சி தள்ள சொல்லும், அவ்ளோதான். மேல எத்தினி வந்துச்சோ அத்தினியும் கீழ போயிடும்."

மூன்று மாதம் உன்னோடு அலைந்தேன். முத்தாண்டிக்குப்பத்து மர அறுவைப் பட்டறையில் பலாப் பலகை வாங்கினோம். காயலான் கடையில் பழைய ஜீப்பின் பின் அச்சைப் பேரம் பேசினோம். சக்கரம் நின்றபடி சுற்றும், அரைக்கிற கல் படுத்தபடி சுற்ற வேண்டும், திசையைத் திருப்பிக் கொடுக்க அந்த அச்சில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி வேண்டும் என்று நீ கடைக்காரருக்கு விளக்கினாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டு மடங்கு விலை சொன்னார். முதலில் எட்டுப் பலகை வைத்தாய். ஒரு பலகை தண்ணீரை விட்டு எழும்பி அடுத்தது இறங்குவதற்குள் சக்கரம் யோசித்துக்கொண்டு நின்றது. பன்னிரண்டு ஆக்கினாய். பலகை ஆழமாக இறங்கினால் நல்லது என்று நான் சொல்லி, ஆழமாக இறக்கிப் பார்த்தோம்; அது தண்ணீரை முதுகில் தூக்கிக்கொண்டு திணறியது. "எவ்ளோ தண்ணின்றது பாதிதான் மச்சான், எவ்ளோ வேகமா வருதுன்றது மீதி" என்று சொல்லி, இரண்டு கரையிலும் மணல் மூட்டைகளை அடுக்கி வாய்க்காலை ஒடுக்கினாய். ஒடுங்கிய இடத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. சக்கரம் நிற்காமல் சுற்றியது அன்றுதான். நாம் இரண்டு பேரும் நடு வயதுக்காரர்கள், இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினோம்.

முதலில் அரைத்த மாவில் பாதி கல்தூள். செல்வி அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்த வெச்சி களி கிண்ட முடியாது. வூட்டுக்கு பூசலாம்" என்றாள். உன் மனைவியின் வாய்க்கு நீ மட்டும்தான் பயப்பட மாட்டாய்.

அந்தத் தேங்காய் நெற்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பம்ப் வாயில் விழும் தண்ணீர் உன் ஊருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்க, ஒரு நெற்றை வாய்க்காலின் தலைப்பில் போட்டுவிட்டுக் கரையோடு சைக்கிளில் போனோம். மதகில் சிக்கிக்கொண்டது. நீ குச்சியால் தள்ளிவிட்டு, "இந்த நேரத்த கழிச்சிடு" என்றாய். ஒன்றரை மணி நேரம். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். அதை நான் எதற்குப் பயன்படுத்துவேன் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

வாய்க்காலைப் பார்க்கிற அதிகாரி கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். பொம்மைக்கு இடம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு மரக்கால் கேழ்வரகை ஒரு மணி நேரத்துக்குள் அரைத்துக் காட்டினால் சக்கரம் இருக்கலாம், இல்லாவிட்டால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். நாள் குறித்தார், காலை ஒன்பது மணி. அதற்கு முந்தைய வாரம் முழுக்க நீ அரைத்துப் பார்த்தாய். ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும். இன்னொரு நாள் ஒரு மணி ஐந்து. அதற்குக் கீழே வரவே இல்லை. நீ சாப்பிடாமல் திரிந்தாய். உனக்கு அது மாவு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் அப்பா மூடி போடாமல் விட்ட குழாய்க்கு, நீ எங்கேயாவது ஒரு மூடியைப் போட்டுவிடத் துடித்துக்கொண்டிருந்தாய்.

வாய்க்காலில் ஒரு மூங்கில் கழியை நட்டு, விரல் விரலாக வெட்டுப் போட்டு வைத்திருந்தாய், தண்ணீர் மட்டம் பார்க்க. முந்தின நாள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "இன்னும் ரெண்டு வெரல் தண்ணி இருந்துச்சின்னா முடிஞ்சிடும் மச்சான்." கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கு இன்னா பண்றது. இருக்கற தண்ணியில ஓடறதுதான் ஓட்டம்" என்றும் சொன்னாய்.

நீ சொன்னது இரண்டு வார்த்தை. நான் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் நீ லீவு. எனக்கு முதல் ஷிஃப்ட். மாற்றுக்கென்று நிறுத்தி வைத்திருந்த பம்பை அந்த வாரம் திங்கட்கிழமையே ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, மறுபடி ஓட்ட எந்தத் தேவையும் இல்லை. காலை ஏழு மணிக்கு அதைப் போட்டேன். ஏழும் ஒன்றரையும் எட்டரை, ஒன்பது மணிக்கெல்லாம் உன் கழியில் தண்ணீர் ஏறியிருக்கும். நோட்டில் சோதனை ஓட்டம் என்று எழுதினேன். பத்து மணிக்கு நிறுத்தினேன். மூன்று மணி நேரம், மாப்ள. பூமிக்கு அடியில் எத்தனை காலமாகவோ கிடந்த தண்ணீரை, ஒரு மரக்கால் கேழ்வரகுக்காக மூன்று மணி நேரம் இறைத்தேன். அந்தச் சக்கரம் ஒரு மாதம் சுற்றினாலும் அந்தப் பம்ப் தின்ற மின்சாரத்துக்கு ஈடாகாது. இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குத் தப்பு என்றே படவில்லை. உனக்கு நல்லது செய்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இரண்டு டீ குடித்தேன்.

ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு உன் ஊருக்கு வந்தேன். தெருமுனையிலேயே ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் ஆக எட்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போதே மாவு விழுந்து முடிந்ததாம். அதிகாரி மாவை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "வெச்சிக்கங்க" என்றாராம். செல்வி அந்த மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை சுட்டுக்கொண்டிருந்தாள். "உங்க மாப்ளதான் ஒன்னும் பேசாம கரையில குந்திகினு இருக்கறாரு, போய் இட்டுகினு வாங்க" என்றாள்.

நீ கழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். தண்ணீர் பழைய மட்டத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. அதற்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு, மூங்கிலில் காலையில் ஒட்டிய பாசியும் சேறும் காய்ந்துகொண்டிருந்தன. நீ திரும்பிப் பார்க்காமலே கேட்டாய்.

"மச்சான், காலையில எத்தினி பம்ப் ஓடுச்சி?"

"வழக்கம்போலதான்" என்றேன்.

அப்போது என்னைப் பார்த்தாய். "வழக்கம்போலதானா?"

"ஆமாம்டா. ஏன்?"

"சரி" என்றாய். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "வா, அடை ஆறிடும்" என்று என் தோளில் கை வைத்து அழைத்துப் போனாய். எனக்கு இன்னொரு அடை வைக்கச் சொன்னாய். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

நாலாவது நாள் நீ சக்கரத்தைக் கழற்றிவிட்டாய். மணல் மூட்டைகளை அவிழ்த்து, கரையைப் பழையபடி சமன் செய்துவிட்டாய். அதிகாரியிடம் போய், "சரிப்படல சார்" என்று சொன்னாயாம். ஊரில் உன்னைச் சக்கரத்தார் என்று கேலி பேசினார்கள். நான் ஓடி வந்து கத்தினேன். பைத்தியமா உனக்கு, அவரே அனுமதி கொடுத்த பிறகு எந்த மடையனாவது கழற்றுவானா என்று உன் வீட்டு வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தினேன். நீ ஒரு பலகையை எடுத்து என் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினாய். "ஒன்னு வெச்சிக்க மச்சான். எதுக்காச்சும் ஆவும்" என்றாய். அதற்குப் பிறகு ஆறேழு மாதம் உன் வீட்டுப் படி ஏறவில்லை நான். ஷிஃப்ட் மாறும்போது பம்புகளைப் பற்றி மட்டும் பேசினேன். நீயும் கீழ்வீட்டுக்காரரை விசாரிப்பதை விட்டுவிட்டாய்.

அப்புறம் எப்படியோ பேச்சு சரியாகிவிட்டது. பிள்ளைகளின் கல்யாணம் வந்தது, ஒரு பந்தலில் ஓடியாடினோம். ஆனால் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பல நாள் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். இவ்வளவு நாள் கழித்து எதற்கு என்று விழுங்கிவிடுவேன். விழுங்க விழுங்க அது பெரிதாகிக்கொண்டுதான் போனது.

உனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், இன்று சொல்லியே தீருவது என்று கிளம்பி வந்தேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். முகம் தெளிவாக இருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாய்.

"கீழ்வூட்டுக்காரரு எப்படி இருக்கறாரு மச்சான்?"

"இன்னும் கீழே குடி போயிட்டாருடா" என்றேன். நீ சிரித்தாய்.

"யாரும் அவர சொம்மா எழுப்பறது இல்லயே?"

உன் கண்ணைப் பார்க்க முடியாமல், மேஜைமேல் இருந்த ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். "இல்லடா, யாரு எழுப்பப் போறா" என்றேன். நீ சுளையை வாங்கிக்கொண்டாய். இரண்டு நாள் கழித்து நீ போய்விட்டாய். நானே சொல்லட்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு நீ நின்றிருந்தாய், நான் வாசலோடு திரும்பிப் போய்விட்டேன்.

பலகை நனைந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அதனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு உன் ஊருக்குப் போனேன். செல்வி பின்பக்கம் அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். உன் அப்பாவின் குழாய் இன்னும் கொல்லை ஓரத்தில் துருப்பிடித்து நிற்கிறது. அதன் வாயில் நீ எப்போதோ அடித்த மரமூடியும் இருக்கிறது. தண்ணீர் நின்ற பிறகு போட்ட மூடி. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஏழு மணிக்குப் போட்டது, பத்து மணிக்கு நிறுத்தியது, பொய் சொன்னது, எல்லாம்.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "தெரியும்ணே" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கே சொன்னாரு. கழிய பாத்த ஒடனே தெரிஞ்சிக்கினாரு. ஒரு பம்ப்பு தண்ணி எத்தினி வெரலு ஏறும்னு அவருக்கு தெரியாதா?"

"அதனாலதான் கழட்டினானா? என்மேல கோவமா?"

"கோவம் இல்லண்ணே. 'எம்மேல ஆசையில பண்ணிட்டான். சக்கரம் நின்னுகினு இருந்தா அவன் சொம்மா இருக்க மாட்டான். தண்ணி கொறையற அன்னிக்கெல்லாம் பம்ப்ப தட்டி வுட்டுடுவான். ஒரு நாளு மாட்டிக்கினான்னா வேல பூடும். பூமிக்குள்ள இருக்கறதும் பூடும். சக்கரமே வாணாம்'னாரு. கழட்டிட்டு வந்து ரெண்டு நாளு சாப்புடல."

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே, தங்கச்சி."

"கேட்டாரே, அதான் நீங்க இல்லன்னீங்களே" என்றாள். அவள் குரலில் குத்தல் இல்லை. "அப்பறம் கேக்கல. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தாரு. ஆஸ்பத்திரியில நீங்க வந்துட்டு போனதுக்கப்பறம் கூட, 'இன்னிக்கும் சொல்லல பாரு'ன்னாரு. சிரிச்சிகினேதான் சொன்னாரு."

பலகையை அவளிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அவள் வாங்கவில்லை. "அது உங்களுக்குன்னு குடுத்தது" என்றாள். திரும்ப எடுத்து வந்துவிட்டேன். திருவதிகை வீட்டுக்கும் வரும். கமலா அதைச் சாமான் பட்டியலில் முதலில் எழுதி வைத்திருக்கிறாள். இப்போதெல்லாம் குழாயைத் திறந்தால் என் கை தானாகப் பாதியில் நின்றுவிடுகிறது. அடியில் யாரோ படுத்திருப்பது போலவும், நான் நாற்காலியை இழுப்பது போலவும் இருக்கிறது. இந்தப் புத்தி உன் சக்கரத்தின் விலைக்கு வந்தது, மாப்ள. எனக்கு அது அதிகம்.

நாளை மறுநாள் எனக்குக் கடைசி ஷிஃப்ட். எனக்குப் பிறகு வருகிறவர் சின்ன வயதுக்காரர், கான்ட்ராக்டில் இருந்து வந்தவர், நல்ல மனிதர். அவரிடம் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவேன். ஆனால் அதற்கு முன்னால் முடிக்காமல் விட்ட ஒரு ஷிஃப்ட் இருக்கிறது. கரையில் உட்கார்ந்து நீ கேட்டாய், நான் உள்ளதைச் சொல்லாமல் அடை தின்னப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன், கையெழுத்துப் போட்டுக்கொள்.

அன்று கூடுதலாக ஒரு பம்ப் ஓடியது, மாப்ள. காலை ஏழு மணிக்குப் போட்டது, பத்து மணிக்கு நிறுத்தியது. போட்டது நான்தான்.